பழைய அகலக்கோண லென்ஸும் இக்கால ஜூம் லென்ஸும்

சென்னையினின்று பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், போரூரைக் கடந்து சிறிது தொலைவில் உள்ளது ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர். தாங்கல் என்பது மழைநீரைத் தேக்கி வயலுக்கு விடும் சிறு ஏரிக்குப் பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நின்று நிலவுதல் காண்க. இவ்வூரில் என் பாட்டனார் முப்பது ஆண்டுக் காலம் ஒரு சிறிய ஸ்டூடியோ நடத்தி வந்தார். அவர் வைத்துச் சென்ற பொருள்களுள் 24 மில்லிமீட்டர் நிக்கார் லென்ஸ் ஒன்று உண்டு. திருமணங்களுக்குப் படமெடுத்துக் குடும்பம் நடத்தும் என் சிற்றப்பா, அதனை விற்றுப் பெறும் பணத்தோடு கடனும் சேர்த்து, 14 முதல் 24 மில்லிமீட்டர் வரை மாறும் ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கக் கருதினார். பாட்டியார் அதற்கு இசையவில்லை. இருவரும் சில நாள் பேசாதிருந்தனர். இறுதியில் சிற்றப்பா என்னை அழைத்து, "தம்பி, நீ படிக்கிற பிள்ளை. யார் பக்கமும் சாயாமல் இரண்டிலும் எடுத்துப் பார்த்துச் சொல். நீ சொல்வதற்கு நானும் கட்டுப்படுகிறேன், அம்மாவும் கட்டுப்படட்டும்" என்றார். சொல்லிலக்கணம் பயில்வானிடம் வந்து சேர்ந்த இவ்வழக்கின் பொருட்டு யான் கற்றனவும் கண்டனவும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

பொருளுட் புகுமுன் சில சொற்களைத் தெளிந்துகொள்ளல் நலம். காமிராவின் முன்னே பூட்டப்படும் குழல் முழுவதையும் லென்ஸ் என்றும், அக்குழலினுள் வரிசையாய் அமைந்த கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றையும் வில்லை என்றும் ஈண்டு வழங்குவேன். 24 மில்லிமீட்டர் என்பது குவியத் தூரம். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள பிலிம் அல்லது சென்சாரில், குவியத் தூரம் குறையக் குறையக் காட்சியின் அகலம் கூடும். கணக்கு மிக எளிது. 36-ஐக் குவியத் தூரத்தால் வகுத்து, நிற்கும் தொலைவால் பெருக்கினால் படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸுடன் பத்து அடி தள்ளி நின்றால் பதினைந்து அடி அகலம் அடங்கும், 14 மி.மீ. ஆயின் ஏறத்தாழ இருபத்தாறு அடி. குவியத் தூரம் மாறாத லென்ஸைப் பிரைம் என்றும், வளையத்தைத் திருப்ப மாறுவதை ஜூம் என்றும் ஸ்டூடியோக்காரர் சொல்வர்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரு மயக்கத்துள் வீழ்கின்றனர். பழையது, புதியது என்பது காலத்தால் வந்த பகுப்பு; பிரைம், ஜூம் என்பது அமைப்பால் வந்த பகுப்பு. பழைய பிரைமையும் புதிய ஜூமையும் அருகருகே வைத்து, "ஜூம் வென்றது" என்போர், வென்றது ஜூமா, ஐம்பது ஆண்டுக் காலமா என்று வினவுவதில்லை. வினைச்சொல்லின் காலத்தை அதன் பொருளாகக் கொள்வது போன்ற பிழை இது. யானும் முதலில் இப்பிழையையே செய்தேன்.

காலம் செய்த வேலை எத்துணை என்பதை அறிய அகலக்கோண லென்ஸின் பழங்கதை உதவும். 1900-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கெர்ட்ஸ் நிறுவனத்தார் ஹைப்பர்கான் என்னும் லென்ஸை வெளியிட்டனர். அதனுள் இருந்தவை இரண்டே வில்லைகள். எதிரெதிராக வைத்த இரு சிறு கிண்ணங்களை ஒத்தவை. அஃது அடக்கிய கோணமோ 135 பாகை. வியப்புத்தான்; ஆனால் ஓர் இடர் இருந்தது. அகலக்கோணத்தில் படத்தின் நடுவிலே விழும் ஒளி ஓரத்திலே விழுவதில்லை. நடுக்கோட்டினின்று விலகிய கோணத்தின் கொசைனை நான்கு முறை பெருக்கிய அளவே ஓரத்துக்குக் கிட்டும். 45 பாகையில் அது காற்பங்கு. ஹைப்பர்கானின் விளிம்பாகிய 67½ பாகையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. நடுப்பகுதி வெந்து போக விளிம்பு இருளில் கிடக்கும். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் நகைப்புக்கும் மதிப்புக்கும் உரியது. லென்ஸின் முன்னே விண்மீன் வடிவான சிறு விசிறி ஒன்றை வைத்து, இரப்பர்க் குமிழை அழுத்திக் காற்றால் அதனைச் சுழலச் செய்தனர். படமெடுக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் விசிறி நடுவொளியை மறைத்துக்கொண்டு சுழலும். பின்னர் அதனைக் கீழே சாய்த்து எஞ்சிய நேரத்தில் முழுவொளியும் விடுவர். விசிறி சுற்றிப் படமெடுத்த காலம் ஒன்று இருந்தது என்று சிற்றப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

பின்னாளில் கண்ணாடி மடக்கி நிமிரும் எஸ்.எல்.ஆர். காமிரா வந்தபோது வேறோர் இடர் தோன்றிற்று. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். நிக்கான் காமிராவில் லென்ஸ் பூட்டும் வாயினின்று பிலிம் வரை 46.5 மி.மீ. உண்டு. 24 மி.மீ. குவியத் தூரமுடைய எளிய லென்ஸோ பிலிமுக்கு 24 மி.மீ. அருகில் இருக்க வேண்டுவது. அங்கே கண்ணாடி வந்து முட்டும். 1959-இல் நிக்கான் வெளியிட்ட 21 மி.மீ. லென்ஸைப் பூட்டுமுன் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டியிருந்தது. இதனைத் தீர்க்கும் வழியைப் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஆஞ்செனியூ 1950-ஆம் ஆண்டிலேயே ரெட்ரோஃபோகஸ் என்னும் 35 மி.மீ. லென்ஸில் காட்டியிருந்தார். ஒளியை விரிக்கும் குழி வில்லையை முன்னும், குவிக்கும் வில்லைகளைப் பின்னும் அமைத்தால், குவியத் தூரம் சிறிதாயினும் லென்ஸ் பிலிமைவிட்டு விலகி நிற்கும். 1967-இல் நிக்கான் வெளியிட்ட 24 மி.மீ. லென்ஸ் இம்முறையிற் பிறந்ததே. அதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு: அண்மைப் பொருளுக்குக் குவிக்கும்போது வில்லைகளுக்கு இடையேயுள்ள வெளியும் உடன்மாறுவதால், அருகிலுள்ள பொருளும் ஓரம் கலங்காது விழும். எங்கள் பாட்டனாரிடம் இருந்தது அதன் வழிவந்த, எழுபதுகளின் இறுதிக்கால வடிவம்: ஒன்பது வில்லைகள், தனித்தனியே நிற்பதால் காற்றைத் தொடும் முகங்கள் பதினெட்டு, எடை கால் கிலோ அளவு.

ஜூம் லென்ஸின் வரலாற்றை விரைந்து கடக்கலாம். எஸ்.எல்.ஆர். புகைப்படக் காமிராவுக்கென வந்த முதல் ஜூம், 1959-இல் ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்தார் செய்த ஜூமார். 36 முதல் 82 மி.மீ. வரை. 1963-இல் நிக்கான் செய்த 43–86 மி.மீ. ஜூம் நேர்கோட்டை வளைப்பதிற் பேர்போனது. அக்கால ஜூம்கள் அகலக்கோணத்தின் பக்கமே செல்லவில்லை என்பதை எண்களே காட்டும். பாட்டனார் தம் வாழ்நாள் முழுதும் ஜூமை இகழ்ந்ததற்குக் காரணம் அவர் கண்ட ஜூம் அத்தகையது என்பதே. அவர் கண்டிராதது 2007-இல் வந்த 14–24 மி.மீ. லென்ஸ். பதினான்கு வில்லைகள், பதினொரு குழுக்கள், இருபத்திரண்டு முகங்கள், ஒரு கிலோ அளவு எடை. அது வந்தபோது, அதே குவியத் தூரங்களுக்குரிய பிரைம் லென்ஸ்கள் பலவற்றை விஞ்சியது என்று வல்லோர் பலரும் ஒப்பினர்.

இருபத்திரண்டு முகங்கள் என்றேன். அதிலே ஒரு சூட்சுமம் உண்டு. பூச்சில்லாத கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி எறியும். ஹைப்பர்கானின் நான்கு முகங்களைக் கடந்து 85 பங்கு ஒளி சென்றுவிடும். பதினெட்டு முகங்களைக் கடப்பது 48 பங்கு. இருபத்திரண்டைக் கடப்பது 41 பங்கே. தொலைந்த ஒளி தொலைந்து போனாலும் குற்றமில்லை. அது குழலினுள்ளே அலைந்து, படத்தின்மேல் பால்நிறப் படலமாய்ப் படிவதே பெருந்தீங்கு. 1935-இல் ஸ்மக்குலா என்பார் ஸைஸ் நிறுவனத்திற் கண்ட மென்பூச்சு இதனை அடக்கிற்று. எழுபதுகளினின்று பல அடுக்குப் பூச்சு பரவிற்று. ஒரு முகத்தின் இழப்பு அரைப் பங்காகக் குறைந்தால் இருபத்திரண்டு முகங்களையும் 90 பங்கு ஒளி கடந்துவிடும். ஆதலின், பல வில்லை வேண்டுகின்ற ஜூமை வாழவைத்தது பூச்சேயன்றி ஜூம் என்னும் அமைப்பு அன்று. கணிப்பொறியாற் கணக்கிடுதலும், கோளமல்லாத வளைவுடைய வில்லைகளும் அதனோடு சேர்ந்தன. இதே பூச்சையும் இதே கணக்கையும் கொண்டு இன்று ஒரு பிரைம் செய்தால் அதுவும் பழையதை வெல்லும். அவ்வாறு செய்தும் வருகின்றனர்.

இனி அமைப்பால் வரும் வேற்றுமைக்கு வருவோம். பிரைம் லென்ஸை விரும்புவோர், "காலே ஜூம், முன்னே நட, பின்னே நட" என்பர். இதில் பாதியே உண்மை. முன்னும் பின்னும் நடந்தால் உருவத்தின் அளவு மட்டும் மாறுவதில்லை. அருகிலுள்ளதற்கும் தொலைவிலுள்ளதற்கும் உள்ள உறவே மாறிவிடுகின்றது. பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும் முறையை அமைப்பது நிற்குமிடம். குவியத் தூரம் அன்று. ஒரே இடத்தில் நின்று ஜூமைத் திருப்புதல், அதே காட்சியைப் பெரிதாகவோ சிறிதாகவோ வெட்டியெடுப்பதை ஒக்கும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராய்ப் பணிபுரிந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்து வரிவரியாய் ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளையும் எடுக்க விரும்பினார். அவரிடம் இருந்ததோ மாறாக் குவியத் தூரமுடைய லென்ஸும், காகித நெகட்டிவும். அவர் காமிராவைக் கல்வெட்டின் வழியே சிறிது சிறிதாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். இன்றைய 14 மி.மீ. லென்ஸை அவர் கையிற் கொடுத்திருந்தால் ஒரே இடத்தில் நின்று நீண்ட சுவரை ஒரு படத்துள் அடக்கியிருக்கலாம். ஆயின் எழுத்துகள் சிறுத்து, ஓரத்திலுள்ளவை சாய்ந்து இழுபட்டுப் படிப்பதற்கு உதவாது ஒழிந்திருக்கும். கல்வெட்டு வகுப்பில் அச்சுருளைப் பற்றிக் கேட்டபோது, லென்ஸைப் பற்றிய கட்டுரைக்கு அது வந்து உதவும் என்று யான் நினைக்கவில்லை.

நிற்க. சோதனைக்கு வருவோம். ஜூம் லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுத்தோம். விடியலில் போரூர் ஏரிக்கரையில் ஞாயிறு எழும்போது இரண்டிலும் எடுத்தேன். பழைய லென்ஸில் ஞாயிற்றினின்று ஒரு சரடாய்ப் பச்சையும் செம்மையுமான பொட்டுகள் இறங்கின; நிழற்பகுதி வெளிறிற்று. ஜூம் தெளிவாய் நின்றது. ஆயினும் ஞாயிறு படத்துக்குச் சற்றே வெளியே நின்றபோது, ஜூமின் முன்னே கோழிமுட்டை போற் புடைத்த வில்லையில் ஒளி பட்டு வண்ண வில் ஒன்று படத்தின் குறுக்கே விழுந்தது. அப்புடைப்பினால் அதன்முன் திருகு ஃபில்டர் எதுவும் பூட்ட இயலாது. பழையதற்கோ 52 மி.மீ. ஃபில்டர் போதும். பின்பு பெருஞ்சாலையில் மெட்ரோ இரயிலுக்காக எழுப்பிய தூண்வரிசையை இரண்டிலும் 24 மி.மீ. அளவிலேயே எடுத்தேன். அப்பெர்ச்சர் 2.8-இல் பழையதன் மூலைகள் குழைந்தன; ஜூமின் மூலையில் சுவரொட்டி எழுத்தும் படிக்கக் கிடந்தது. 8-இல் வைத்தபோது இரண்டுக்கும் வேற்றுமை காணக் கணிப்பொறித் திரையில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது சோதனைதான் வழக்கைத் தீர்த்தது. எங்கள் ஆலயத்தின் முகப்பில் சபையார் அனைவரையும் நிறுத்திப் பாட்டனார் 1984-இல் இந்த லென்ஸால் எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றது. வரிசையின் அகலம் நாற்பது அடி. எதிரே அந்நாளில் வெற்று நிலம். இருபத்தேழு அடி பின்னே சென்று நின்று எடுத்தார். இன்று பதினெட்டாம் அடியில் அடுக்குமாடி வீட்டின் மதில். மதிலிற் முதுகு ஒட்ட நின்றாலும் 24 மி.மீ. லென்ஸில் அடங்குவது இருபத்தேழு அடிதான். காலே ஜூம் என்போர் இங்கே வந்து எங்ஙனம் நடப்பர்? தாங்கல்களும் தோட்டங்களும் இருந்த இடமெல்லாம் வீடாய் நிறைந்த ஓர் ஊரில் பின்னே செல்ல இடம் என்பதே அரிய பொருளாயிற்று. அகலக்கோண ஜூமின் முழுப்பயனையும் யான் அந்த மதிலில் முதுகு உராய்ந்தபோதே உணர்ந்தேன்.

ஜூமை 16 மி.மீ. அளவுக்குத் திருப்பினேன். அனைவரும் அடங்கினர். படத்தைக் கண்ட சிற்றப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் வரிசையின் வலக்கோடியில் நின்ற பாட்டியாரின் தங்கை, "இது நான் இல்லை" என்று கூறி எழுந்து போய்விட்டார். குற்றம் அவருடையதன்று. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த அகலக்கோண லென்ஸிலும், உருண்டையான பொருள் ஓரத்துக்குச் செல்லச் செல்ல வெளிநோக்கி இழுபடும். பாட்டனார் நின்ற தொலைவில், கோடியில் நின்றவர் தலை ஒன்றேகால் மடங்கு அகன்றது. யான் நின்ற தொலைவில் ஒன்றரை மடங்கு. இது பழமையாலோ புதுமையாலோ, பிரைமாலோ ஜூமாலோ வந்ததன்று, நிற்குமிடத்தால் வந்தது.

பின்னர்ச் சிற்றப்பா ஞாயிற்றுப் பள்ளியிலிருந்த பெஞ்சுகளைக் கொணர்ந்து நான்கு வரிசையாக அடுக்கி, கூட்டத்தின் அகலத்தை இருபத்தைந்து அடியாகக் குறைத்தார். இப்போது பழைய லென்ஸிலேயே அனைவரும் அடங்கினர். முகங்களும் இயல்பாய் இருந்தன. ஆயின் அதற்கு அரை மணி நேரம் சென்றது. முழங்கால் வலியுள்ள மூவர் பெஞ்சின்மேல் ஏற மறுத்து முன்னே நாற்காலியில் அமர்ந்தனர். சபையார் நம்மவர், பொறுத்தனர். மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து பந்திக்கு விரையும் கூட்டம் பொறுக்குமா? கைகளால் குவித்துக்கொண்டிருக்கும்போது தாலி கட்டி முடிந்துவிடின், மறுபடி கட்டச் சொல்லலாமா?

பழையதற்கு ஒரு சிறப்பை மட்டும் விடாது சொல்லல் வேண்டும். அதன் குழலில் தூரமும் ஆழமும் காட்டும் கோடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அப்பெர்ச்சரை 8-இல் வைத்து எட்டு அடிக்குக் குவித்துவிட்டால், நான்கு அடி முதல் வானம் வரை அனைத்தும் தெளிவாய் விழும். பின் குவித்தல் என்னும் வேலையே இல்லை. பாட்டனார் ஊர்வலங்களைக் கண்ணுக்கு வைக்காமலே மார்பளவில் வைத்து எடுத்தது இவ்வாறு என்று பாட்டியார் சொன்னார். தானே குவியும் ஜூமில் இவ்வேலைக்கு உதவும் செம்மையான கோடுகள் இல்லை.

தீர்ப்பைச் சொல்லுமுன் கடையில் பழைய லென்ஸுக்கு விலை கேட்டோம். உள்ளே இரண்டாம் வில்லையில் பூஞ்சை படர்ந்திருப்பதைக் காட்டி, புதிய ஜூமின் விலையிற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சொன்னார்கள். ஏரியை ஒட்டிய ஊரில் அடைத்த பெட்டியில் பன்னிரண்டு ஆண்டு கிடந்த பொருளுக்குப் பூஞ்சை வாராதிருப்பதே வியப்பு. யான் சொன்னது இது: சிற்றப்பாவின் தொழிலுக்கு ஜூம் வேண்டும், அதில் ஐயமில்லை, ஆனால் பழையதை விற்று வரும் பணம் அதன் கடனில் இரு தவணைக்கும் காணாது, ஆதலின் விற்க வேண்டா. முதலில் முகூர்த்த நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓராண்டு வாடகையைக் கணக்கெழுதிப் பார்த்தபின் வாங்குவதா என்று முடிவு செய்க என்றேன். பாட்டியார் முதற்பகுதியைக் கேட்டு முகம் சுளித்தார். சிற்றப்பா இரண்டாம் பகுதியைக் கேட்டு முகம் சுளித்தார். இருவரும் ஒப்பினர்.

வைகாசி வரை வாடகைச் சீட்டுகளைச் சிற்றப்பா ஒரு கம்பியிற் குத்தி வைத்தார். ஆனியில் ஒருவர் பயன்படுத்திய ஜூம் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினார். பழைய லென்ஸைக் கழற்றித் துடைத்துத் தர ஒரு முதிய மெக்கானிக் கிடைத்தார். ஒன்பது வில்லைகளையும் ஒரு மாலையில் முடித்தார். அது இப்போது விடுதியில் என் மேசை மேல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு கண்ணாடிச் சாடியில் உள்ளது. பாட்டனார் கடைசியாக வைத்தபடியே, எட்டு அடிக்குக் குவித்து வைத்திருக்கிறேன்.